பதினெட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது

1

எங்கள் படகைக் கொளுத்தி இந்த வாரத்தோடு மூன்று வருடம் ஆகிறது. கொளுத்தியவர்கள் ரவுடிகள் அல்ல. கால்வாய் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். கையுறை போட்டு, தலைக்கவசம் மாட்டி, தண்ணீர்க் குழாயைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு முறைப்படி கொளுத்தினார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தப் படகில் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததாம்.

இதை ஊருக்கு எழுதியபோது ஒருவரும் நம்பவில்லை. நான் இங்கிலாந்தில் படகில் குடியிருந்தேன் என்பதையே அவர்கள் நம்பாதவர்கள். காஞ்சிபுரத்துக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பாலாற்றைச் செவிலிமேட்டுப் பக்கம் தாண்ட வேட்டியை மடித்துக் கட்டக்கூட வேண்டியதில்லை. மணல் சுடும், செருப்புப் போட்டுக்கொண்டால் போதும். என் மாமனார் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறவர். "நம்ம மாப்ள ஊடு வாசல் இல்லாம தண்ணி மேல குந்திக்கினு இருக்காராம்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாராம். பெண்ணைக் கண்காணாத சீமைக்கு அனுப்பியதற்குக்கூட அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை.

உங்களுக்கெல்லாம் இங்கே எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்று ஒரு மதிப்பு உண்டு. எனக்கும் இருந்தது. சட்டப்படிதான் நடக்கிறது, மறுக்கவில்லை. நடக்கும்போது வழியில் யார் கிடக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

2

ஊரில் நான் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர். அறுபதுகளின் நடுவில் இங்கே வந்து, தொழிற்சாலைப் புகை சூழ்ந்த ஒரு நடு இங்கிலாந்து ஊரில், பஸ் டிப்போவில் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பஸ் கழுவினேன். ஃபிட்டர் என்று சொன்னதை நம்ப அவர்களுக்கு ஒரு வருடம் பிடித்தது.

தனியாளாக இருந்தவரை ஐந்து பேரோடு ஓர் அறையில் காலம் தள்ளினேன். ஊரிலிருந்து என் பெண்சாதி சுலோசனாவும் குழந்தை வசந்தியும் வருகிறார்கள் என்றதும் வீடு தேடினேன். ஜன்னலில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். அதன் கீழேயே நம் நிறத்துக்காரர்கள் வரவேண்டாம் என்று இன்னொரு வரி. அந்த வரி இல்லாத வீடுகள் அதைவிட மோசம். கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்து, "இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார், மன்னிக்கவும்" என்பார்கள். மன்னிப்புக் கேட்காமல் இந்த நாட்டில் யாரும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை.

டிப்போவில் என்னோடு பஸ் கழுவிய ஆல்பர்ட் என்ற கிழவன்தான் வழி சொன்னான். அவன் கால்வாயிலேயே பிறந்தவன். அவன் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் படகில் நிலக்கரி ஏற்றி இறக்கியது. இப்போது நிலக்கரி லாரியில் போகிறது. சும்மா கிடந்த இரண்டு படகுகளில் ஒன்றில் அவன் இருந்தான். மற்றொன்றை என்னிடம் தள்ளிவிட்டான். "தண்ணீருக்கு வீட்டுக்காரன் கிடையாது" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன்.

மரப் படகு. நீளமோ நீளம், அகலமோ இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாது. முதல் நாள் உள்ளே வந்த சுலோசனா கையை விரித்து இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒரு தறி போட்டா நம்ம மூணு பேரும் வெளியதான் குந்தணும் போல இருக்குது" என்றாள்.

ஆனால் அன்று மாலைக்குள் அடுப்புக்கு மேல் சாமி படங்களை மாட்டிவிட்டாள். மூன்றாம் நாள், படகின் கூரையில் மிளகாய் காய்ந்தது. வெயில் இல்லாததால் அது வற்றலாகாமலே பூஞ்சணம் பிடித்தது வேறு கதை.

அந்தப் படகில் நாங்கள் ஐந்து வருடம் நன்றாக இருந்தோம். யாரும் கதவைத் தட்டிச் சமையல் வாசனை வருகிறது என்று சொல்லவில்லை. வசந்தி அங்கேதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அங்கேதான் நான் கேட்கும் தமிழ்க் கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்லவும் தொடங்கினாள்.

3

படகு என்றால் எனக்கு அதற்குமுன் தெரிந்தது தெப்பம் ஒன்றுதான்.

அப்பா பந்தல் போடுகிறவர். வாலாஜாபாத்திலிருந்து கூரம் வரைக்கும் கல்யாணமோ திருவிழாவோ அவர் பந்தல்தான். எங்கள் பக்கத்துக் கோயில் குளத்தில் தெப்பம் கட்டும் வேலையும் அவருக்கே. காலி டிரம்களை வரிசையாகப் போட்டு, மேலே மூங்கிலும் பலகையும் கட்டி, அதன்மேல் கோபுரம்போல் அலங்காரம் எழுப்புவார். சாமி ஏறுவார். கூடவே குருக்கள், மேளம், தர்மகர்த்தா, தர்மகர்த்தாவின் சம்பந்தி, போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள், காந்த விளக்கு என்கிற பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஏறுவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் கேட்டதில்லை. சாமி இருக்கிற இடத்தில் அப்படிக் கேட்பதே அபசகுனம்.

நான் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த வருடம் தெப்பம் மூன்றாவது சுற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவிழவில்லை. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் காந்த விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற முனுசாமி மட்டும் விளக்கோடு தண்ணீரில் போனான். அவனுக்கு நீச்சல் தெரியாது. குளத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் குறைந்ததை மேளக்காரர்தான் முதலில் கவனித்தார்.

இரண்டு டிரம்கள் துருப்பிடித்து நீர் கசிகின்றன என்று அப்பாவுக்குக் கட்டும்போதே தெரியும். தர்மகர்த்தாவிடம் சொல்லியுமிருக்கிறார். "சாமி பாத்துக்கும்பா, நீ கட்டு" என்றாராம். மறுநாள் போலீஸ் வந்து விசாரித்தபோது தர்மகர்த்தா பக்கத்தில் நிற்க, அப்பா, "டிரம்மெல்லாம் நல்லாதான் இருந்துதுங்க" என்றார். கேட்டவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். முனுசாமியின் பெண்சாதிக்குக் கோயிலில் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். அந்தக் குளப்படிகளையும் அவள்தான் பெருக்கினாள். அப்பா அதற்குப் பிறகு தெப்பம் கட்டவில்லை. அந்த வேலையை என் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

ஆகவே, விதிகள் என்றாலே எரிந்து விழுகிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். விதி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தவன் நான்.

4

ஒரு கோடையில் கால்வாய் அலுவலகத்திலிருந்து எல்லாப் படகுக்காரர்களுக்கும் தகவல் வந்தது. ஆள் குடியிருக்கும் படகுகளை இனிமேல் பரிசோதிப்பார்கள். தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் கரையில் கட்டிவைக்க இடமில்லை. கட்ட இடமில்லாத படகில் குடியிருப்பது எப்படி?

விதிகளைப் படித்தேன். கேஸ் சிலிண்டர் உள்ளே இருக்கக்கூடாது. முன்பக்கம் தனிப் பெட்டியில் வைத்து, கசிந்தால் வெளியே இறங்கிப்போக அடியில் துளை வேண்டும். தீயணைப்பு உருளைகள் இத்தனை, இன்னின்ன இடத்தில், கைக்கு எட்டும்படி மாட்டியிருக்க வேண்டும். காற்றுத் துளைகள் மூட முடியாதபடி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கரி அடுப்பிலிருந்து வாசனையே இல்லாத ஒரு விஷக் காற்று வரும், தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள் என்று விளக்கமும் போட்டிருந்தார்கள்.

ஆல்பர்ட் அதைப் படித்துவிட்டுத் துப்பினான். "கதவைச் சாத்திய இந்த அறையில்தான் என் அம்மா ஏழு பெற்றாள். ஏழும் பிழைத்தோம்" என்றான். அவன் பரிசோதனைக்கே நிற்கவில்லை. படகை அப்படியே விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டான். தண்ணீரில் அறுபது வருடம் இருந்தவன் மாடிப்படியில் ஏறத் தெரியாமல் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் போகவில்லை. நான் ஃபிட்டர் ஐயா! ஞாயிறு தோறும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். முன்பக்கம் பெட்டி செய்தேன். குழாய் மாற்றினேன். கூரையில் துளை போட்டுப் பித்தளைக் குமிழ் வைத்தேன். உருளைகள் வாங்கி அளந்து மாட்டினேன். என்ஜின் அது பாட்டுக்குக் கடிகாரம்போல் ஓடியது. ஒரு வெள்ளைக்காரன் படகும் அந்தக் கரையில் அவ்வளவு சுத்தமாக இல்லை.

காற்றுத் துளைகள்தான் வீட்டில் தகராறு. சுலோசனா தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். காற்று அடித்தால் பட்டு இழை காய்ந்து அறும் என்று ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி வளர்ந்தவள். அவளைப் பொறுத்தவரை காற்று என்பது வீட்டுக்குள் வரக்கூடாத ஒன்று. அதிலும் இந்த ஊர்க் காற்று. நான் துளை போடுவேன், அவள் பழைய புடவையைக் கிழித்து அடைப்பாள். குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பாள். விஷக்காற்று என்று சொன்னால், "நம்ம ஊட்ல அடுப்பு எரியலயா? நாம செத்தா பூட்டோம்?" என்பாள். பரிசோதகர் வரும் நாளைக்கு மட்டும் எடுத்துவிடுவது என்று கடைசியில் உடன்பாடு ஆயிற்று.

அக்டோபரில் அந்த நாள் வந்தது. நான் டிப்போவில் லீவு சொல்லி, காலையில் போய்ச் சவரம் செய்துகொண்டு, பால் வாங்கித் திரும்பினேன். உள்ளே நுழைந்தால் ஊதுபத்திப் புகை.

அன்று ஆயுத பூஜை. ஊரிலிருந்து மாமனார் அனுப்பிய தினசரிக் காலண்டரை அந்தப் படகில் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். எனக்கு ஞாபகமே இல்லை. சுலோசனா தீயணைப்பு உருளைகளைக் கொக்கியிலிருந்து கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியிருந்தாள். சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்திப் பூ. கரைத்த சந்தனம் போதாதென்று அரைத்துக் கெட்டியாகவே அப்பியிருந்தாள். என்ஜினுக்குப் பொட்டு. என் ஸ்பானர்களுக்குப் பொட்டு. சிலிண்டரின் கழுத்துக்குப் பொட்டு. கூரையின் பித்தளைக் குமிழ் ஒவ்வொன்றுக்கும் பொட்டு.

"இன்னா சுலோ இது!"

"இவ்ளோ பாடுபட்டு செஞ்சீங்களே. இதுங்கதான நம்மள காப்பாத்தப் போவுது? அதான் இதுங்களுக்கு ஒரு பூசை" என்றாள்.

நான் உருளையைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் தடுத்தாள். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடுவதில்லை. தறியைத் தொடமாட்டார்கள், கத்தியைத் தொடமாட்டார்கள், ஷெட்டில் நாங்கள் பஸ்ஸைக்கூட எடுக்காமல் நிறுத்தியிருக்கிறோம். எனக்கே கை கூசியது. அதற்குள் கரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

5

பரிசோதகன் என் வயதுதான் இருப்பான். சிவப்பு மீசை. கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

தலை தட்டாமல் குனிந்து வந்தான். மணத்தை முகர்ந்தான். பூமாலை போட்ட உருளைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். என் இங்கிலீஷ் டிப்போவுக்குப் போதும், இதற்குப் போதாது. அதனால் அன்று வசந்தியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். பத்து வயது. அவள்தான் எங்களுக்கு வாய்.

"இதெல்லாம் என்ன என்று கேட்கிறார்" என்றாள்.

"நம்ம ஊருல வருஷத்துக்கு ஒரு நாள் கருவிங்களுக்கு மரியாதை செய்யறதுன்னு சொல்லுமா."

அவள் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். ஓர் உருளையைத் தூக்கி அதன் மூக்கைப் பார்த்தான். சந்தனம் உள்ளே இறங்கி, காய்ந்து, சிமெண்ட்போல் பிடித்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எழுதிக்கொண்டான். அடுத்து என்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னான்.

சுலோசனா என்ஜின் அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "இன்னைக்கி வாணாம்னு சொல்லு. நாளைக்கி வரச் சொல்லு. ஒரு நாள்ல இன்னா ஆவப் போவுது?"

வசந்திக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அம்மாவைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொள்ளும் வயது அது. எப்படியோ சொன்னாள். அவன் அதற்கும் கோபப்படவில்லை. பரவாயில்லை, உருளைகளைச் சுத்தம் செய்து மாட்டுங்கள், அடுத்த வாரம் என்ஜினைப் பார்க்கிறேன், பெட்டி வேலை மிக நன்றாக இருக்கிறது என்றான். எனக்கு உயிர் வந்தது. புறப்படும் நேரத்தில் கூரையைப் பார்த்துக் கேட்டான், இந்தத் துளைகள் எப்போதும் திறந்துதான் இருக்குமா என்று.

"எப்பவும்" என்று நானே இங்கிலீஷில் சொன்னேன்.

அவன் வசந்தியிடம் குனிந்து, உனக்குக் குளிராதா என்று ஏதோ விளையாட்டாகக் கேட்டான். அவள் இல்லை என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, அம்மா தினமும் பழைய புடவையால் எல்லாவற்றையும் அடைத்துவிடுவாள் என்றும், பள்ளிக்கூடத்தில் தீயணைப்புக்காரர் வந்து அது தப்பு என்று சொன்னார் என்றும், காலையில் சில நாள் தனக்குத் தலை வலிக்கிறது என்றும், ஒரே மூச்சில் சுத்தமான இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

சுலோசனாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அவன் போன பிறகு நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை, அடிக்கவில்லை. "பாவு நாந்தான் போட்டேன். ஊடை எவனோ போட்டுக்கினு இருக்கான்" என்றாள். நெடுக்கு இழை தான் போட்டதாம், குறுக்கு இழையை இந்த ஊர் நெய்கிறதாம். அதன் பிறகு அந்த நாளைப் பற்றி மகளிடம் அவள் பேசவே இல்லை.

குழந்தை இருக்கும் படகு, கரி அடுப்பு, அடைத்த துளை, அதை மறைத்துச் சொன்ன பொய். மறு பரிசோதனை கிடையாது என்று பதில் வந்தது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். அவளும் கெட்டவள் இல்லை. எங்களுக்கு நகரசபை வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டு வரிசையில் இடம் கொடுத்தாள். வீடு வரும்வரை தாயும் பிள்ளையும் ஒரு விடுதியில். அங்கே கணவர்களுக்கு இடமில்லை, அது அந்த விடுதியின் விதி. ஒரு குளிர்காலம் முழுக்க நான் மறுபடி ஐந்து பேரோடு ஓர் அறையில். ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுதி வரவேற்பறையில் என் பெண்சாதியை நான் பார்வையாளனாகப் போய்ப் பார்ப்பேன். கூரைத் துளையை அடைத்ததால் எங்களைக் கொல்ல இருந்த விஷக்காற்றிலிருந்து எங்களைக் காப்பாற்றி, குடும்பத்தை மூன்று மாதம் பிரித்துவைத்தார்கள். பாதுகாப்பு!

வசந்தத்தில் படகைக் கொளுத்தினார்கள். ஆல்பர்ட்டின் படகையும் சேர்த்து இழுத்து வந்து, கால்வாய் முனையில் காலையிலேயே வைத்தார்கள். நான் டிப்போவுக்குப் போகாமல் நின்று பார்த்தேன். நான் செய்த பெட்டி கடைசியாகத்தான் எரிந்தது. ஓர் ஆள் என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள், ஆபத்து என்றான்.

6

இப்போது ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். ஜன்னல் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்காது. குழந்தைகள் விழாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்களாம். சுலோசனாவுக்கு இப்போது காற்று போதவில்லை.

போன வருடம் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம். வீட்டு விஷயமெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "தம்பி, ஒவ்வொரு வருஷமும் தெப்பம் கட்டறப்ப எனக்கு முனுசாமி ஞாபகந்தான். அப்பா போற வரைக்கும் அந்த டிரம்மைப் பத்தியே பொலம்பிக்கினு இருந்தாரு. நீ படகுல இருந்தவன். அங்க இதுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்காங்கன்னு சொன்னியே. நம்ம தெப்பத்துல எத்தினி பேர் ஏறலாம்னு அந்த ஆபீசருகிட்ட கேட்டு எழுது. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான். சீமைக்காரன் சொன்னான்னா கேப்பாங்க."

இரண்டு நாள் யோசித்தேன். எந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று வைத்திருந்தேனோ, அந்தக் கால்வாய் அலுவலக வாசலுக்குத்தான் போக வேண்டும். போனேன். அதே சிவப்பு மீசைதான் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தான் போலும். நான் தெப்பத்தை வரைந்து காட்டினேன். டிரம்கள் எத்தனை, எவ்வளவு பெரிது, பலகை எந்த மரம், அலங்காரக் கோபுரம் எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டான். பிறகு, "கடவுள் என்ன எடை?" என்றான்.

கேலி இல்லை. எடை தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் யாரும் எடைபோட்டிருக்க மாட்டார்கள். ஊர்வலத்தில் எத்தனை பேர் தோள் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். அதை வைத்து ஒரு எடை போட்டுக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டான். பழைய டிரம், உயரமான கோபுரம், எல்லோரும் ஒரு பக்கம் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தான். சாமி போக, பதினெட்டுப் பேர் என்றான். எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெரிதாக எழுதி மாட்டச் சொல்லுங்கள் என்றான்.

கை கொடுத்தான். என் கையை விடாமல், உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். வெளியே வந்தபோது எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனுக்கு எழுதினேன். உடனே பதில் போட்டார். தர்மகர்த்தா முதல் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். சீமைக் கணக்கு என்றதும் சபையே அசந்துபோய்விட்டதாம். பெயிண்டரை வைத்து, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில், 'பதினெட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது' என்று எழுத ஏற்பாடாம். அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். படகு போனதற்கு ஏதோ ஒரு ஞாயம் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. முட்டாள்தனம்தான்.

இந்த வாரம், படகு எரிந்த அதே வாரத்தில், தெப்பத் திருவிழா போட்டோ வந்தது. "எல்லாம் நல்லபடியா நடந்துது. உன் போர்டுக்குத்தான் முதல் மரியாதை" என்று பின்னால் அண்ணன் எழுதியிருக்கிறார்.

போட்டோவில் தெப்பம் குளத்தின் நடுவில் இருக்கிறது. தலைகளை எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, ஒருவர்மேல் ஒருவர் நிற்கிறார்கள். பலகை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒருவன் தலையில் காந்த விளக்கோடு நிற்கிறான். முன்பக்கத்தில் அண்ணன் சொன்ன போர்டும் இருக்கிறது. பெரிய மாலை போட்டிருக்கிறார்கள். நடுவில் அகலமாகச் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமப் பொட்டு. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

வசந்தி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பதிமூன்று நடக்கிறது. தமிழ் படிக்க வராது.

"வாட்ஸ் தட் போர்ட், அப்பா?"

"பதினெட்டுப் பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்குதும்மா."

அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். அவளும் பாதியில் விட்டுவிட்டாள்.

"இவ்ளோ பேர் இருக்காங்க. யாருமே சொல்லலயா?" என்றாள், தமிழிலேயே.

அடுப்பங்கரையிலிருந்து சுலோசனா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"சொல்றதுக்கு உன்ன மாதிரி ஒரு பொண்ணு அங்க இல்லடி."